காலை மாத்திரை பெரிசுக்கு

விழுங்கிய இரும்புச்சத்து மாத்திரையை முருங்கைமரத்தடியில் வாந்தியெடுத்துவிட்டு சுபஸ்ரீ நிமிர்ந்தபோது, மாமியார் செல்வம்மாள் சொம்புத் தண்ணீரோடு பின்னால் நின்றிருந்தாள்.

"போச்சா?"

"போச்சு அத்தை."

"ஐயையோ, பெரிசோட மாத்திரை ஆச்சே அது!"

சுபஸ்ரீ வாயைத் துடைத்துக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். வாந்திகூடப் பரவாயில்லை. இனிமேல் நடக்கப்போகும் பஞ்சாயத்தை நினைத்தால்தான் அவளுக்கு அலுப்பாக இருந்தது.

வயிற்றில் ரெட்டை. ரெண்டாம் மாசமே ஸ்கேனில் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். அடுத்த ஸ்கேனுக்குப் போகவேண்டிய வாரத்தில் புயல் வந்து ரோடெல்லாம் தண்ணீர். அது அப்படியே விட்டுப்போனது. ரத்தம் குறைவாக இருக்கிறது, காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று போடு, ரெண்டையும் சேர்த்துப் போடாதே என்று நர்ஸ் எலிசபெத் மாத்திரை கொடுத்து அனுப்பினார். அவர் சொன்னது அவ்வளவுதான். காலை மாத்திரை பெரிசுக்கு, சாயங்கால மாத்திரை சின்னதுக்கு என்று பங்கு பிரித்தது செல்வம்மாள்.

கோட்டைக்குப்பத்தில் இதைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை. ஏரியில் இறால் ஓடும் தடத்தில் எவன் என்றைக்கு வலை கட்டுவது என்று ஊரே கூடி முறை வைத்திருக்கிறது. அந்த முறைக்குப் பாடு என்று பேர். தன் பாடு வரும்போதுதான் ஒருவன் இறங்கலாம். அடுத்தவன் பாட்டில் வலையை நனைத்தால் ஊர் சும்மா விடாது. ஏரிக்கே முறை இருக்கும்போது வயிற்றுக்கு இருக்கக் கூடாதா என்பது செல்வம்மாளின் கேள்வி.

வாசலில் வலைக் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்த மகனிடம் அவள் விஷயத்தைக் கொண்டுபோனாள். "டேய் இளவழகா, பெரிசோட பாடு வாந்தில போச்சுடா."

இளவழகன் ஊசியைக் கீழே வைத்து யோசித்தான். "காத்து அடிச்சு ஒருத்தன் பாடு கெட்டுப்போனா இன்னா பண்றோம்? மறு பாடு அவனுக்குத்தான குடுக்குறோம்? சாயங்காலத்துது பெரிசுக்கு."

"அப்ப சின்னது பட்டினி கெடக்கட்டுமா? நல்லா கீதுடா உன் நியாயம்!"

"ரெண்டையும் ஒண்ணா போட்டுட்டா?"

"அப்படிப் போடக் கூடாதுன்னு நர்ஸம்மா சொன்னாங்க" என்றாள் சுபஸ்ரீ. "ஏங்க, ரெண்டும் ஒரே வயித்துலதான இருக்குது? எது உள்ள போனாலும் ரெண்டும் எடுத்துக்காதா?"

அம்மாவும் மகனும் அவளைப் பாவமாகப் பார்த்தார்கள். அனுப்பம்பட்டில் வயலும் ரயிலும் பார்த்து வளர்ந்தவள். அவளுக்கு என்ன தெரியும் ஏரிக்கரை நியாயம்?

மூத்த மருமகள் அர்ச்சனாதான் வழி சொன்னாள். "வெறும் தண்ணியில போட்டா கொமட்டாம இன்னா பண்ணும்? டீயில போடு." ரெண்டு வேளையும் அவளே கெட்டியாக டீ போட்டுக் கொடுத்தாள். வாந்தி நின்றது. வீடே அர்ச்சனாவைக் கொண்டாடியது. மாசக் கடைசியில் ரத்தம் பார்த்தால், ஏறுவதற்குப் பதில் இறங்கியிருந்தது.

எலிசபெத் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். "மாத்திரையைப் போடுறியாம்மா, இல்ல தூக்கிப் போடுறியா?"

"எல்லாத்தையும் முழுங்குறேன் சிஸ்டர்."

"வெளிக்குப் போனா கறுப்பா போவுதா?"

வரிசையில் உட்கார்ந்திருந்த கர்ப்பிணிகள் அத்தனை பேரும் திரும்பினார்கள். சுபஸ்ரீ வாயைத் திறப்பதற்குள் செல்வம்மாள் முந்திக்கொண்டாள்.

"தார் மாதிரி போவுது நர்ஸம்மா. நானே பாத்தேன்."

சுபஸ்ரீக்கு முந்தானையால் முகத்தை மூடிக்கொள்ளலாம் போலிருந்தது.

"அப்ப மாத்திரை உள்ள போவுது. எதுல போடுற?"

"டீயில, சிஸ்டர்."

எலிசபெத் தலையில் கை வைத்துக்கொண்டார். "டீ சத்தை உடம்புல சேர விடாதும்மா! எலுமிச்சம்பழ ஜூஸ்ல போடு. அடுத்த மாசமும் ஏறலைன்னா ஆஸ்பத்திரில படுக்க வச்சு ஊசி வழியா ஏத்தணும். ரெட்டையைச் சுமக்குறவ, வெளையாடாத."

விளையாடுகிறாளாம்! சுபஸ்ரீக்கு ஊசியைப் பற்றிக் கவலை இல்லை. பிள்ளைகளுக்கு ஏதாவது குறை வந்துவிட்டால், மாத்திரை போடாமல் ஏமாற்றினாள் என்று காலமெல்லாம் சொல்வார்களே, அந்தப் பயம்தான். தொண்டை எரிய எரிய விழுங்குகிறாள். விழுங்கியதெல்லாம் எங்கேதான் போகிறது?

எலுமிச்சை வந்தது. கூடவே நெஞ்செரிச்சல் வந்தது. மலச்சிக்கலும் வந்து, அதற்கு ஆளுக்கொரு வைத்தியமும் வந்தது. செல்வம்மாள் தினமும் விடிந்ததும் அவள் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்து, "வெளுப்பாவே கீதே" என்று பெருமூச்சு விட்டாள்.

ஒருநாள் இளவழகன் கேட்டான். "நீ நெசமாவே முழுங்குறியா சுபா?"

மெதுவாகத்தான் கேட்டான். அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது.

"முழுங்காம? கோழிக்கா போடுறேன்?"

மறுநாளே காவலுக்கு ஆள் வந்துவிட்டது. காலைப் பாடு அர்ச்சனாவுக்கு, சாயங்காலப் பாடு பக்கத்து வீட்டு வசந்தாவுக்கு. முன்னால் உட்கார்ந்து, அவள் விழுங்குவதைப் பார்த்து, "வாயைத் தொற, நாக்கைத் தூக்கு" என்று சோதித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். வசந்தா கூடுதலாக வயிற்றையும் ஒரு நோட்டம் விடுவாள். "இன்னாடி இது, அஞ்சு மாசத்துக்கே ஏழு மாச வயிறு! ரெட்டைன்னா சும்மாவா?"

வசந்தாவுக்கு ஒரு சாயங்காலம் பொன்னேரியில் கல்யாண வரவேற்பு. தன் பாட்டை முன்கூட்டியே முடித்துக்கொள்ளலாம் என்று காலையிலேயே வந்து நின்றாள்.

"இது என் பாடு" என்றாள் அர்ச்சனா.

"மாத்திக்கலாம்டி. சாயங்காலம் நீ பாரு."

"அப்படியெல்லாம் மாத்த முடியாது. கேக்காம எப்படி நீ எறங்கலாம்?"

"ரெண்டு பேரும் பாத்துக்குங்களேன்" என்றாள் சுபஸ்ரீ. "வாய் ஒண்ணுதான, யார் பாத்தா இன்னா?"

அவள் சொன்னது யார் காதிலும் விழவில்லை. அர்ச்சனா கையை நீட்ட, வசந்தா தட்டிவிட, மாத்திரை எகிறி முற்றத்தில் விழுந்தது. மேய்ந்துகொண்டிருந்த பெட்டைக்கோழி வந்து ஒரே கொத்து.

செல்வம்மாள் கத்தினாள். "பெரிசோட மாத்திரை! விட்றாத, புடி அதை! கொழம்பு வச்சுக் குடுத்துட்டா மாத்திரை எங்க போயிடப் போவுது?"

சாயங்காலம் கோழிக் குழம்பு கொதித்தது. அந்த வாசனை சுபஸ்ரீயின் வயிற்றைப் புரட்டியது. அவள் மோர் சோற்றைத் தின்றுவிட்டுப் படுத்துக்கொண்டாள். குழம்பை மற்றவர்கள் முடித்தார்கள். வசந்தா வரவேற்புக்குக்கூடப் போகாமல் இருந்து சாப்பிட்டாள்.

அதற்கப்புறமும் இமை வெளுப்பாகவே இருந்தது. வேறு வழியில்லாமல் செல்வம்மாள் தன் புருஷனிடம் கேட்டாள். அங்கமுத்துவுக்கு ஏரியைத் தவிர உலகத்தில் வேறு பேச்சு கிடையாது. அதுவும் இந்த வருஷம் இறால் குறைந்ததிலிருந்து ஒரே புலம்பல்.

"யோவ், பாடு தவறாம மாத்திரை உள்ள போவுது. ரத்தம் மட்டும் ஏறவே இல்ல. நீ இன்னா சொல்ற?"

அங்கமுத்து பீடியைப் பற்றவைத்துக்கொண்டார். "முறை தப்பாம எறங்கியும் வலையில ஒண்ணும் விழலைன்னா, பாடு இல்லாத ஆளு எவனோ களவா எறங்குறான்னு அர்த்தம்."

"நைனா, அது ஏரிக்கு" என்றான் இளவழகன்.

"எதுக்கா இருந்தா இன்னா?"

அவர் சொன்னதை அந்த வீட்டில் யாரும் ஒருநாளும் காதில் வாங்கியதில்லை. அன்றைக்குப் பார்த்து வாங்கித் தொலைத்தார்கள்.

செல்வம்மாளின் பார்வை மெல்ல நகர்ந்து அர்ச்சனா மேல் போய் நின்றது.

"இன்னா அத்தை, என்னையே பாக்குறீங்க?"

"ஒண்ணுமில்ல. கொஞ்ச நாளா நீ நல்லா பளபளன்னு கீற."

அர்ச்சனாவுக்குப் புரிய ஒரு நொடி ஆனது. அப்புறம் வீடு அதிர அழுதாள். "மாத்திரை திருடியா நான்? டீ போட்டுக் குடுத்த கைக்கு இந்தப் பேரா? இனிமே என் அடுப்பு தனி!" என்று பாத்திரங்களோடு பின்கட்டுக்குப் போய்விட்டாள். செல்வம்மாள் காலையில் மீன் கூடையோடு கிளம்பிவிடுவதால், எல்லோருக்கும் சமைப்பது சுபஸ்ரீ தலையில் வந்து விழுந்தது.

இளவழகன் தன் பங்குக்கு மாத்திரையைப் பத்திரப்படுத்தினான். படகு இன்ஜின் சாமான் வைக்கும் இரும்புப் பெட்டியில் போட்டுப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டான். மறுநாள் சாவி அவனோடு ஏரிக்குப் போனது. காற்று திரும்பிவிட்டதால் அவன் வந்து சேரச் சாயங்காலமானது. ஓடிவந்து பெட்டியைத் திறந்து, மாத்திரையை அவள் கையில் வைத்தான். குப்பென்று டீசல் நாற்றம்.

முருங்கைமரத்தடி.

"போச்சா?" செல்வம்மாள் சொம்போடு நின்றாள்.

"போச்சு அத்தை."

"இது யாரோட பாடு? காலையிதா, சாயங்காலத்துதா?"

"என்னோடது" என்றாள் சுபஸ்ரீ. குரல் உடைந்துவிட்டது. "பெரிசுக்கு ஒரு பாடு, சின்னதுக்கு ஒரு பாடு, காவலுக்கு ஒரு பாடு. சொமக்குறவளுக்கு ஒண்ணு கிடையாதா அத்தை? முழுங்குறேன், முழுங்குறேன்னு எத்தினி தடவை சொல்றது? ஒருத்தராவது என்னை நம்புனீங்களா?"

செல்வம்மாள் தண்ணீரை ஊற்றி அவள் முகத்தைக் கழுவிவிட்டு, வெகுநேரம் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். அன்றைக்கே மகனிடமிருந்து சாவியைப் பிடுங்கி மருமகளிடம் கொடுத்தாள்.

அடுத்த பரிசோதனையில் ரத்தம் இருந்த இடத்திலேயே இருந்தது. எலிசபெத் இந்தத் தடவை திட்டவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, "முதல்ல பொன்னேரி போய் ஸ்கேன் எடுத்துட்டு வா" என்றார். திட்டாததுதான் சுபஸ்ரீக்குப் பயமாக இருந்தது.

ஷேர் ஆட்டோவில் குடும்பமே கிளம்பியது. கோபத்தில் இருந்த அர்ச்சனாகூட ஒரு பாட்டில் எலுமிச்சை ஜூஸோடு வந்து ஏறிக்கொண்டாள். ஏரியில் ஒன்றும் கிடைக்காததால் அங்கமுத்துவும் வந்தார்.

ஸ்கேன் அறைக்குள் அவளை மட்டும்தான் விட்டார்கள். டாக்டரம்மா வயிற்றில் கருவியை உருட்டினார். நிறுத்தினார். மறுபடியும் அதே இடத்துக்குப் போய், புருவத்தைச் சுருக்கித் திரையைப் பார்த்தார்.

"இன்னா மேடம்? பிள்ளைங்களுக்கு ஏதாவது கொறையா? நான் எல்லா மாத்திரையும் முழுங்குனேன் மேடம். சத்தியமா முழுங்குனேன்."

டாக்டரம்மா அவள் கண்ணீரைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். திரையை அவள் பக்கம் திருப்பி, விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார்.

வெளியே வந்தபோது எல்லோரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். செல்வம்மாள் தோளைப் பிடித்தாள். "இன்னா சொன்னாங்க? எது நோஞ்சானா கீது? பெரிசா, சின்னதா?"

சுபஸ்ரீக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. கையைத் தூக்கி மூன்று விரலைக் காட்டினாள்.

செல்வம்மாள் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். இளவழகன் பக்கத்திலிருந்த நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான். அர்ச்சனா எலுமிச்சை ஜூஸை எடுத்துத் தானே குடித்தாள்.

மூலை பெஞ்சிலிருந்து அங்கமுத்துவின் குரல் வந்தது. "நான் அப்பவே சொன்னேன், பாடு இல்லாத ஆளு ஒருத்தன் களவா எறங்குறான்னு."