ஆறாம் கட்டிலின் பெயர்

ஆறாம் கட்டில் வாயைத் திறக்கவில்லை.

"அம்மா, உங்க முழுப் பேரு, பிறந்த தேதி. ரெண்டையும் சொன்னீங்கன்னா ஊசியப் போட்டுட்டு என் வழியில போயிடுவேன்," என்றாள் இன்ஷிராஹ். இது நான்காவது முறை.

கட்டிலில் இருந்தவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து, கறுப்புச் சால்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள். உள்ளேயிருந்து ஒரு முனகல் வந்தது. அதைப் பெயர் என்று யாரும் எழுதிக்கொள்ள முடியாது.

எகிப்தின் சோஹாக் நகரத்து அரசு மருத்துவமனையில், பெண்கள் பிரிவின் தலைமை நர்ஸ் இன்ஷிராஹ். இருபத்திரண்டு வருடமாயிற்று. சொந்த வீடு இல்லை, முழங்கால் சரியில்லை, புருஷன் பேசுவதில்லை. ஆனால் அவள் கையிலிருந்து ஒரு மாத்திரைகூட ஆள் மாறிப் போனதில்லை. பெருமைப்பட அவளிடம் இருந்தது அது ஒன்றுதான். அது போதும் என்றுதான் அவள் நினைத்தாள்.

இரண்டு நாள் விடுப்பு முடிந்து அன்று காலைதான் வந்திருந்தாள். அதற்குள் ஆறு, ஏழு இரண்டு கட்டிலிலும் புது ஆட்கள்.

"சிஸ்டர், கைப்பட்டை இருக்கு பாருங்க," என்றாள் இளைய நர்ஸ் ராந்தா. "பஹியா அப்துல் ஆல். சீட்டுலயும் அதே பேரு. சர்க்கரை முந்நூத்தி நாப்பது. இன்சுலின் போட்டுடலாமே, சாப்பாட்டு வண்டி வந்துடுச்சு."

"பட்டை பேசுமா?"

"இது டைரக்டரோட அம்மா சிஸ்டர்."

"யார் சொன்னது?"

"சீட்டு."

"சீட்டு பேசுமா?"

ராந்தா சுவரைப் பார்த்தாள். நோயாளி தன் வாயால் பெயரும் பிறந்த தேதியும் சொல்லாமல் மருந்து கொடுக்கக் கூடாது என்று அங்கே ஒரு அறிவிப்பு. கீழே டைரக்டர் டாக்டர் ஷவ்கியின் கையெழுத்து. அந்தப் பிரிவில் மட்டும் ஏழு இடத்தில் ஒட்டியிருந்தார்கள்.

பக்கத்துக் கட்டில்காரியைக் கேட்கலாம் என்றால் அவளும் இல்லை. ஏழாம் கட்டில் மேசையில் பஸ்பூஸா என்ற ரவை இனிப்பு டப்பாவின் மூடி மட்டும் கிடந்தது. மூடியில் பாகு இன்னும் காயவில்லை.

"பாத்ரூமுக்குப் போயிருப்பாங்க," என்றாள் ராந்தா. பிறகு, உதவி செய்வதாக நினைத்து, டைரக்டருக்குப் போன் செய்தாள்.

டாக்டர் ஷவ்கி வேகமாக வந்தார். பெண்கள் பிரிவு என்பதால் ஆறாம் கட்டிலைச் சுற்றிய திரைக்கு வெளியே நின்று இருமினார். பார்வையாளர் நேரம். பன்னிரண்டு கட்டிலுக்கு நாற்பது பேர், பாத்திரம் பண்டத்தோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன இன்ஷிராஹ், எங்கம்மாவப் பட்டினி போடுறியா?"

"பேரு சொல்ல மாட்டேங்கிறாங்க டாக்டர்."

"அதான் நான் சொல்றேனே."

"சொல்லுங்க."

அவர் சுற்றிப் பார்த்தார். சோஹாக்கில் ஓர் ஆண் தன் தாயின் பெயரை நாலு பேர் காதுபடச் சொல்வதில்லை. நாற்பது கரண்டியும் நின்றுவிட்டன.

"உம்மு ஷவ்கி," என்றார் மெதுவாக.

"ஷவ்கியோட அம்மா. அதுல இருக்கறது உங்க பேருதான் டாக்டர்."

"சும்மா சொல்லுங்க பாஷா, நாங்க காதப் பொத்திக்கிறோம்," என்றாள் மூன்றாம் கட்டிலுக்கு வந்திருந்த அத்தை. கை இரண்டும் மடியிலேயே இருந்தன.

அவர் ஒரு காகிதத்தில் எழுதி, எட்டாக மடித்துக் கொடுத்தார். இன்ஷிராஹ் பிரித்துப் படித்தாள்.

"சரி. பிறந்த தேதி?"

"ஜனவரி ஒண்ணு."

"எனக்கும் அதான்," என்றது ஒரு கட்டில்.

"எனக்கும்," என்றது இன்னொன்று.

பதிவேட்டின்படி அந்தப் பிரிவில் பதினோரு பேர் ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்தவர்கள். பன்னிரண்டாவது ஆளுக்குத் தான் எப்போது பிறந்தோம் என்றே தெரியாது.

"கையில பட்டை, சீட்டு, பெத்த பிள்ளை. இதுக்கு மேல என்ன வேணும் உனக்கு?"

"அவங்க வாய். நீங்கதான் எழுதிப் போட்டிருக்கீங்க."

டைரக்டர் திரையை நோக்கிக் குனிந்தார். "அம்மா, பேரச் சொல்லித் தொலைங்க."

சால்வை இன்னும் இறுக்கமாக மூடிக்கொண்டது.

"சேர்த்து ரெண்டு நாளாச்சு, நான் வந்து பாக்கல. அந்தக் கோபம்," என்றார் பொதுவாக எல்லாருக்கும். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இன்னும் அரை மணியில கெய்ரோவுலேருந்து தரச் சான்றிதழ்க் குழு வருது. இந்தக் கூத்த அவங்க பாக்கக் கூடாது. போடு. இல்லன்னா நாளையிலேருந்து சலவைக் கிடங்குல போர்வை எண்ணுவ."

இன்ஷிராஹ் யோசித்தாள். சலவைக் கிடங்கில் ஜன்னல் கிடையாது. ஆனால் உட்கார நாற்காலி உண்டு.

"எண்ணுறேன்," என்றாள்.

அவர் அங்கேயே நின்று மாற்றல் உத்தரவை எழுதினார். அவள் வாங்கிப் படித்து, மடித்து, பையில் வைத்துக்கொண்டாள்.

"ராந்தா, நீ போடு," என்றார்.

ராந்தா சாப்பாட்டு வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

டாக்டர் ஷவ்கி தட்டிலிருந்து ஊசியைத் தானே எடுத்தார். பதினைந்து வருடமாக அவர் கையில் பேனாவைத் தவிர வேறெதுவும் இருந்ததில்லை. திரைக்குள் நுழைந்து, தாயின் வயிற்றைப் பார்க்கக் கூடாது என்று முகத்தை மின்விசிறிப் பக்கம் திருப்பி, போர்வையைத் தடவித் தேடினார்.

இன்ஷிராஹ் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் பிடி தளரவில்லை.

"கைய விடு."

"நாளையிலேருந்துன்னுதான் எழுதியிருக்கீங்க. இன்னிக்கு ரெண்டு மணி வரைக்கும் இது என் வார்டு. பேரு தெரியாம இங்க ஊசி இறங்காது."

சால்வை மெல்லக் கீழே இறங்கியது. உள்ளேயிருந்து ஒரு மெலிந்த முகம், தனக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நின்றிருந்த ஊசியைப் பார்த்தது.

"மகனே, எனக்குச் சர்க்கரையே கிடையாது, நான் ஏழாம் கட்டில், இந்தப் பட்டைய என் கையில மாட்டிவிட்டு, யார் கேட்டாலும் வாயத் திறக்காதேன்னு சத்தியம் வாங்கிக்கிட்டு, உங்கம்மா என் பஸ்பூஸா டப்பாவோட மொட்டை மாடிக்குப் போய் ஒரு மணி நேரமாச்சு."