ஓர் ஆவன்னாவின் சுழி

நிலம் மண்ணால் ஆனதல்ல, பதிவேட்டால் ஆனது. இந்த மாபெரும் தத்துவத்தைக் கட்டிக்காக்கும் நில ஆவண அலுவலகத்தில் அடியேன் எழுத்தர்.

ஒருநாள் லேத் அக்கா வந்தார். கடைசல் வேலையில் கெட்டிக்காரர். சொந்த மனையில் பட்டறை கட்டிப் பன்னிரண்டு பேருக்கு வேலை கொடுக்க இருந்தார். அவருடைய மனை 47-அ. பதிவேட்டிலோ அவர் பெயருக்கு நேரே 47-ஆ. அது பக்கத்து மனை, தையல்காரம்மாவுடையது. அதிகப்படியான சுழியைப் போட்டவன் அடியேன்தான். கைவாகு.

"என் சுழிதான் சரியில்லைன்னு நினைச்சேன், உங்க சுழியா! அடிச்சு விட்டுடுங்க தம்பி."

"பதிவேடு 'புனிதமானது' அக்கா. தப்பா எழுதத்தான் எங்களுக்கு அதிகாரம். திருத்தறதுக்குக் கோர்ட்டுக்குத்தான் அதிகாரம்."

தையல்காரம்மா அவருக்கு உயிர்த்தோழி. இருவரும் கைகோத்தபடி நீதிமன்றம் போனார்கள்.

"உங்களுக்குள் என்ன தகராறு?" என்றார் நீதிபதி.

"ஒண்ணுமில்லீங்க. அவ இடம் அவளுது, என் இடம் என்னுது" என்றார் தையல்காரம்மா.

"தகராறு இல்லாத இடத்தில் நீதிமன்றத்துக்கு வேலை இல்லை." மனு தள்ளுபடி.

வக்கீல் வழி சொன்னார்: "பேருக்கு ஒருத்தர் மேல ஒருத்தர் கேஸ் போடுங்க. ரெண்டு வாய்தாவுல முடிஞ்சிடும்."

போட்டார்கள். 'தற்போதைய நிலையே தொடரட்டும்' என்று உத்தரவு வந்தது. அதாவது, ஒரு செங்கல்லும் வைக்கக்கூடாது. முதல் ஆண்டு இருவரும் ஒரே குடையில் வாய்தாவுக்கு வந்தார்கள். மூன்றாம் ஆண்டு, லேத் அக்காவின் மனுவில் தன்னைப் 'பேராசைக்காரி' என்றிருந்ததைத் தையல்காரம்மா படித்துவிட்டார்.

"அது வக்கீல் எழுதினதுடி!"

"கையெழுத்து யாருது?"

அன்றிலிருந்து தனித்தனி பெஞ்சு. லேத் மெஷின் துருப்பிடித்தது. வேலைக்கு வர இருந்தவர்கள் பிழைப்புத் தேடி ஆளுக்கொரு திசையில் போனார்கள்.

ஒன்பதாம் ஆண்டு தீர்ப்பு வந்தது: சுழியை நீக்கவும். அடியேனே நீக்கினேன். அரை நிமிடம் ஆனது.

"இனி தாராளமா பட்டறை கட்டலாம் அக்கா!"

"பட்டறை கெடக்குது. என்னைக் கோர்ட்டுல எல்லார் முன்னாலயும் திருடின்னு சொன்னா அவ. அவ வேலி என் பக்கம் ஒரு சாண் வந்திருக்கு. அளக்கச் சொல்லணும். ஃபாரம் இருக்கா?"

முகத்தைப் பார்க்காமல் எடுத்துக் கொடுத்தேன்.

அவ்வாண்டு அறிக்கையில் பெருமையோடு எழுதினோம்: 'தீர்க்கப்பட்ட தகராறு: ஒன்று.' உண்டாக்கப்பட்ட தகராறு எத்தனை என்று எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை.