எதிர் பெஞ்சு ஆசாமி

பல் டாக்டர் மூக்கைப் பாதி வரைவதற்குள் எதிர் பெஞ்சு ஆசாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ரயில் நிலையத்துக்குப் போய் முன்பின் தெரியாத ஒருவரை வரைந்து வர வேண்டும். ஓவிய வகுப்பில் கொடுத்த வேலை அது. டாக்டரை வகுப்பில் சேர்த்துவிட்டதே மனைவிதான். கடைத்தெருவில் சொந்த மாமனாரையே யாரோ என்று தாண்டிப் போன மனிதரை வேறு என்ன செய்வது?

"மனுஷங்க மூஞ்சியைப் பாக்கக் கத்துக்குங்க. அதுவரைக்கும் உங்களோட நான் எங்கயும் வரமாட்டேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

டாக்டர் நைசாக இடம் மாறித் தூண் ஓரமாக நின்று எட்டிப் பார்த்தார். ஆசாமி செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்தார்.

'பாக்காத மாதிரி பாக்கணும்' என்று ஓவிய வாத்தியார் சொன்னது நினைவுக்கு வந்தது. டாக்டர் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதே பெஞ்சில் போய் உட்கார்ந்தார். ஆசாமி பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினார்.

பாதி மூக்கோடு எப்படி வீட்டுக்குப் போவது? டாக்டர் பின்னாலேயே போனார்.

"ஒரு நிமிஷம்தான் சார். அசையாம உட்காந்தா போதும்."

ஆசாமி ஓட்டமெடுத்தார். ஓடிய வேகத்தில் ஒரு போலீஸ்காரர் மேல் போய் மோதினார்.

"இவர் என்னை விடமாட்டேங்கிறார் சார்" என்று மூச்சு வாங்கினார்.

போலீஸ்காரர் டாக்டரை ஏற இறங்கப் பார்த்தார். "பெரிய மனுஷன் மாதிரி இருக்கீங்க. எதுக்கு அவர் பின்னாலயே சுத்துறீங்க?"

டாக்டர் அவசரமாகக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். கேஸ் கீஸ் என்று ஆகிவிட்டால் கிளினிக்கை இழுத்து மூட வேண்டியதுதான். அதுகூடப் பரவாயில்லை, மனைவிக்கு யார் பதில் சொல்வது?

"படம் வரையக் கத்துக்கறேங்க" என்று நோட்டை நீட்டினார்.

போலீஸ்காரர் தாளை நேராகவும் பார்த்தார், தலைகீழாகவும் பார்த்தார். கண் இல்லை, காது இல்லை. பாதி மூக்கு. ஆசாமி வாயே திறக்காதபோதும் அதற்குக் கீழே வரிசையாகப் பற்கள்.

"இது யாருன்னு யாராலயும் சொல்ல முடியாது. இதை வெச்சு நான் என்ன கேஸ் எழுதுறது? போங்க சார், போய் இன்னும் நல்லா கத்துக்குங்க."

அப்பாடா என்றிருந்தது டாக்டருக்கு. தனக்கு வரைய வராததை நினைத்து முதல் தடவையாகச் சந்தோஷப்பட்டார். அந்தச் சந்தோஷத்தில் ஆசாமியிடம் கையைக் கூப்பினார்.

"மன்னிச்சிருங்க. உங்களை இதுக்கு முன்னால நான் பாத்ததே இல்லை. யாரோ எவரோன்னுதான் வரைய உட்காந்தேன்."

ஆசாமி இரண்டடி பின்வாங்கி, கையால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னார்:

"ஊசிக்குப் பயந்து போன வாரம் உங்க கிளினிக்லேருந்து பாதியில ஓடினது தப்புதான் டாக்டர். அதுக்காக ஸ்டேஷன் வரைக்குமா துரத்திட்டு வருவீங்க?"