குறட்டைக்கு எத்தனை புள்ளி?

“குறட்டை விடுறனீங்களோ அண்ணை?”

யோகலிங்கம் கையில் இருந்த தேநீர்த் தட்டை மேசையில் வைத்தார். மகள் தக்ஷிகாவின் சான்றிதழ்களைக் கணிதம் மேலும் வயலின் கீழுமாக ஒரு பைலில் அடுக்கி, சோபாவில் இருந்த செல்வரத்தினம் என்ற மனிதரின் முன்னால் விரித்து வைத்திருந்தார். அந்த மனிதர் பைலை மெல்ல ஒதுக்கிவிட்டுக் கேட்ட முதற்கேள்வி இது.

தக்ஷிகா அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தின் ஒனேர்ஸ் கொலிஜுக்கு விண்ணப்பித்திருந்தாள். பெரிய பல்கலைக்கழகத்துக்குள்ளேயே கெட்டிக்காரப் பிள்ளைகள் சிலரைப் பொறுக்கியெடுத்துத் தனியாகப் படிப்பிக்கிற கல்லூரி அது. செலவையும் அவர்களே பார்ப்பார்கள். அவர்களுடைய பழைய மாணவர்கள் இங்கே லண்டனிலும் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவர் நேர்முகம் செய்வார் என்று யோகலிங்கம் கேள்விப்பட்டிருந்தார். ஆகவே வியாழக்கிழமை மகள் வந்து சொன்னபோது அவருக்கு உடனே விளங்கிவிட்டது.

“அப்பா, சனிக்கிழமை மூண்டு மணிக்கு ஒரு அங்கிள் வருவார். கேக்கிறதுக்கு வடிவா மறுமொழி சொல்லுங்கோ.”

“நான் என்னத்துக்கு? நீயெல்லோ கதைக்கோணும்?”

“உங்களோடைதான் கதைக்கோணுமாம். நான் அமெரிக்கா போறதும் போகாததும் இப்ப உங்கட கையிலை. பிளீஸ் அப்பா, சண்டை மட்டும் பிடிக்காதேங்கோ.”

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. மனிதருக்குப் புள்ளி போடுகிறவர்களை யோகலிங்கத்துக்குக் கண்ணில் காட்டக் கூடாது. பஸ் கொம்பனியில் அவர் கொன்ரோலர். வருடத்துக்கு ஒருமுறை ஒரு சின்னப் பெடியன் வந்து, அவருடைய வேலைக்கு ஐந்துக்கு மூன்று போட்டுவிட்டுப் போவான். அந்தக் கோபம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய கோபம், மனைவி பாலாம்பிகையை டிரைவிங் டெஸ்டில் நாலு தரம் பெயில் விட்ட மனிதன் மேல். அவள் கண்ணை மூடி நாலு வருடமாகியும் அந்தக் கோபம் போகவில்லை. அவளுடைய சிவப்பு எல் எழுத்துப் பலகை இன்னும் கார் டிக்கிக்குள் கிடந்தது.

கோபத்தை அடக்கிக்கொண்டு வாமதேவனிடம் போனார். கோலியர்ஸ் வுட்டில் மளிகைக்கடை வைத்திருந்த வாமதேவனின் மகன் அமெரிக்காவில் படித்தவன். அதனால் வாமதேவன் தன்னை ஒரு பல்கலைக்கழகமாகவே நினைத்துக்கொண்டிருந்தார்.

“தக்ஷிகாவுக்கு முப்பது வீதம்” என்றார், வெண்டைக்காயை நிறுத்தபடி.

“முப்பதோ? அவள் எல்லாத்துக்கும் ஏ எடுத்தவள்!”

“அதுதான் பிழை. ஏ எல்லாரிட்டையும் கிடக்கு. அமெரிக்கன் பார்க்கிறது கஷ்டம். வீட்டிலை கஷ்டம் இருந்தும் பிள்ளை படிச்சிருக்கோ எண்டு பார்ப்பான். நீர் சுகதேகியா, சொந்த வீட்டிலை, நண்டுக்கறி சமைச்சுக்கொண்டு இருந்தீரெண்டால் அவளின்ர சான்ஸ் போச்சு. தகப்பன் எவ்வளவு நொந்து போயிருக்கிறானோ பிள்ளைக்கு அவ்வளவு புள்ளி.”

இதையெல்லாம் மனதில் வைத்துத்தான் யோகலிங்கம் குறட்டையை யோசித்தார். குறட்டைக்கும் கொலிஜுக்கும் என்ன சம்பந்தம்? பிறகு பிடிபட்டது. ஹொஸ்டல்! தகப்பன் குறட்டை விட்டால் பிள்ளையும் விடும், பக்கத்துக் கட்டிலில் படுக்கிற வெள்ளைக்காரப் பிள்ளைக்கு நித்திரை இல்லை. எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிறார்கள், பாவிகள்!

“எங்கட பரம்பரையிலேயே இல்லை சேர்” என்றார்.

“சேர் எல்லாம் வேண்டாம் அண்ணை” என்ற செல்வரத்தினம் கூச்சத்துடன் நெளிந்து, ஜன்னலால் வெளியே நின்ற தன் காரை எட்டிப் பார்த்தார். பார்க்கிங் தண்டப் பயமாக்கும் என்று யோகலிங்கம் நினைத்தார். “தேகசுகம் எப்படி? சீனி வருத்தம் ஏதும்?”

வாமதேவனின் குரல் காதில் கேட்டது.

“இருக்கு. நிறைய. முழங்காலும் ஏலாது. படி ஏற ரெண்டு கை வேணும்.”

“ஓ.” செல்வரத்தினத்தின் முகம் வாடியது. “வீடு சொந்தமோ?”

“பேருக்குச் சொந்தம். பாங்க்காரன்தான் உண்மையான சொந்தக்காரன். நாளைக்கு வந்து வெளியாலை போ எண்டாலும் போகத்தான் வேணும்.” வீட்டுக்கடனின் கடைசித் தவணையைப் போன வருடம் கட்டி முடித்ததற்கு வாமதேவன் கடையிலேயே வடை வாங்கிப் பங்கிட்டவர் அவர்.

“ஓ.”

இரண்டாவது ‘ஓ’ முதலாவதை விட நீளமாக இருந்தது. யோகலிங்கம் உற்சாகமானார். இரக்கம் பிறக்கிறது!

“சமையல் சாப்பாடு?”

“எனக்குச் சுடுதண்ணி வைக்கவும் தெரியாது சேர். கடைப் பாணைக் கடிச்சுக்கொண்டு கிடக்கிறம்.”

செல்வரத்தினம் மூக்கை உயர்த்தினார். “நண்டுக்கறி மணக்குதே?”

“அது... பக்கத்து வீட்டிலை.”

“பக்கத்து வீட்டிலை வெள்ளைக்காரரெல்லோ வாசலிலை நிண்டவை?”

“அவை பழகீட்டினம்.”

செல்வரத்தினம் சோபாவின் நுனிக்கு நகர்ந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “குறை நினைக்காதேங்கோ அண்ணை, கேக்கத்தானே வேணும். பாவிக்கிறனீங்களோ?” என்று பெருவிரலை வாய்க்கு நேரே சரித்துக் காட்டினார்.

யோகலிங்கத்துக்கு உச்சந்தலை சூடானது. குடிக்கிறாயா என்று அவருடைய தகப்பன்கூட அவரிடம் கேட்டதில்லை! மேசையில் கிடந்த பைலைப் பார்த்தார். குடிகாரத் தகப்பனின் மகள் எல்லாப் பாடத்திலும் ஏ. முப்பது வீதம் அறுபதாகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு, அலுமாரியில் இருந்த விஸ்கிப் போத்தலைக் கையால் காட்டினார்.

“கொஞ்சம். கொஞ்சமில்லை, நிறைய. பின்னேரமானால் எனக்கு ஒண்டும் தெரியாது.”

செல்வரத்தினம் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். மறுபடி காரை எட்டிப் பார்த்தார். அந்த முகத்தில் இரக்கம் எதுவும் இல்லை. தப்பி ஓட வழி தேடுகிற முகம் அது.

கணக்கு எங்கோ பிழைத்துவிட்டது என்று யோகலிங்கத்துக்கு விளங்கியது. பைலைத் தூக்கி அவருடைய மடியிலேயே வைத்தார்.

“சேர், பிள்ளையின்ர சேட்டிபிக்கற்றுகளை ஒருக்காப் பாருங்கோவன்.”

“பிள்ளை கெட்டிக்காரிதான், அது தெரியும். அவ போனால் நீங்கள் தனியத்தானே அண்ணை?”

“நான் தனிய இருந்தால் என்ன, கூட்டமா இருந்தால் என்ன? அதுக்கும் புள்ளியோ?”

“இல்லை, ஒரு விஷயம் தெரியோணும்.” செல்வரத்தினம் நெற்றியைத் துடைத்தார். “உங்கட மனுசி எப்படிப்பட்டவ? இப்பவும் நெடுக அவவைத்தான் நினைச்சுக்கொண்டு இருக்கிறியளோ?”

அவ்வளவுதான்.

“எழும்பும் ஐசே!”

‘சேர்’ என்ற மரியாதை காற்றோடு போய்விட்டது. செல்வரத்தினம் பைலும் கையுமாக எழும்பி நின்றார்.

“எப்படிப்பட்டவ எண்டோ கேக்கிறீர்? என்ர மனுசி உயிரோடை இருந்த காலம் முழுக்க ஆரோ ஒருத்தன் அவளுக்குப் புள்ளி போட்டவன். விசாக்காரன் போட்டான். காரை மெல்லமாய் ஓடினதுக்கு டிரைவிங்காரன் பெயில் விட்டான். தெருவிலை பிள்ளையள் நிண்டதெண்டுதான் அவள் மெல்லமா ஓடினவள்! ஆஸ்பத்திரியிலை நோவுக்குப் பத்துக்கு எத்தனை எண்டு கேட்டவங்கள். நேர்ஸ் பிள்ளை பயப்பிடும் எண்டு அவள் ரெண்டு எண்டு சொன்னவள். பத்துக்கு ரெண்டு! இப்ப செத்த பிறகு நீர் வந்திருக்கிறீர், மிச்சப் புள்ளி போட!”

“அண்ணை, நான்...”

“கேளும்! நான் அவளை நினைக்கிறனான். தினமும் நினைக்கிறனான். அதுக்காகச் சாப்பிடாமல் கிடக்கேல்லை. அந்த நண்டுக்கறி நான் வைச்சது! பக்கத்து வீட்டுக்காரனுக்கு நண்டை உடைக்கவும் தெரியாது. இந்த வீட்டுக்கு ஒரு சதக் கடன் இல்லை. சீனியும் இல்லை, கொழுப்பும் இல்லை. முழங்கால் நல்லாய் இருக்கு, பார்க்கிறீரோ?” யோகலிங்கம் மாடிப்படியில் நாலு படி தடதடவென்று ஏறி, அதே வேகத்தில் இறங்கி வந்தார். “அந்த விஸ்கி கொம்பனி தந்த பரிசு. மூடியும் திறக்கேல்லை, போய்ப் பாரும்!”

செல்வரத்தினம் உண்மையாகவே போய், போத்தலைத் தூக்கி மூடியைப் பார்த்தார்.

“அப்ப ஏன் அண்ணை இவ்வளவு பொய்யும்?”

“பிள்ளைக்காக! அவளின்ர படிப்புக்காக என்னை நான் குடிகாரன் எண்டும் சொல்லுவன், பிச்சைக்காரன் எண்டும் சொல்லுவன். ஆனால் அவளின்ர தாயை நிறுத்துப் பார்க்க விடமாட்டன். போம் ஐசே, உம்மட ஒனேர்ஸ் கொலிஜும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்!”

“என்ர கொலிஜோ?” செல்வரத்தினம் ஒரு கணம் திகைத்து நின்றார். பிறகு அவருடைய வாயின் ஓரம் துடித்தது. பைலைப் பத்திரமாக மேசையில் வைத்தார். கோப்பையை எடுத்து மிச்சத் தேநீரை நின்ற நிலையிலேயே குடித்து முடித்தார். கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார்.

அவர் போகிற விதமும் யோகலிங்கத்துக்குப் பிடிக்கவில்லை. விரட்டப்பட்ட மனிதனுக்குரிய வெட்கம் அந்த நடையில் இல்லை. இன்னும் நாலு வார்த்தை சொல்லவேண்டும் என்று அவரும் பின்னாலே வாசலுக்கு வந்தார். வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

காரின் முன் சீற்றில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் இருந்தார். நீலச் சேலை, மடியில் ஒரு கேக் பெட்டி. பின் சீற்றில், லைப்ரரிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போன தக்ஷிகா இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு விரல் இடுக்கால் தகப்பனைப் பார்த்தாள்.

செல்வரத்தினம் காரின் கண்ணாடியைத் தட்டினார்.

“பிள்ளை, இடம் தந்து ஒரு மாசமாக் காத்துக்கொண்டு இருக்கிற அமெரிக்காக்காரருக்கு வாறன் எண்டு இப்பவே அனுப்பிவிடு. கல்யாணி அக்கா, நீங்கள் இறங்கி வாங்கோ, மாப்பிள்ளை இப்பதான் உண்மை கதைக்கிறார்.”