வானம் பார்த்த பெட்டியும் தாய்மாமன் மடியும்

மோகனூர்,
ஞாயிற்றுக்கிழமை.

பேத்தி இலக்கியாவுக்கு உன் ஆத்தா சென்னியம்மாள் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும், காது குத்திக்கொண்ட என் கொள்ளுப்பேரனும் சுகமாக இருக்க நாவலடியானை வேண்டிக்கொள்கிறேன். காதுப் புண்ணுக்குத் தேங்காயெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துத் தடவு. இங்கே எல்லோரும் நலம், நீ போனை எடுக்காத குறை ஒன்றுதான். அதனால்தான் மூன்றாம் வகுப்போடு நின்ற கையால் எழுதுகிறேன்.

வழிகாட்டிப் பெட்டி வாங்குவது என்று பேச்சு நடந்த அன்று யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு எவரும் நான் இல்லை என்று நழுவக் கூடாது. நான் இருந்தேன். உன் அம்மா மைதிலி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். உன் தம்பி சித்தார்த் இருந்தான். எதிர்வீட்டு லாரி டிரைவர் பச்சமுத்து நம் வீட்டு டீயோடு உட்கார்ந்திருந்தான். உன் அப்பன் போர் போடுகிற ரிக் வண்டியோடு வடக்கே போயிருந்தான், அவன் கணக்கில் வரமாட்டான்.

உன் புகுந்த வீட்டுக் குலதெய்வம் வெண்ணந்தூருக்கு அப்பால் கரட்டுக் குன்றோரம் தோட்டங்காட்டுக்குள் இருக்கிறது. போர்டு கிடையாது. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும், நேரம் தப்பினால் மடியும் தப்பிவிடும். அந்தப் பயம் சித்தார்த்துக்கு. போனிலேயே வழி பார்க்கலாமே என்றாள் உன் அம்மா.

"அந்தக் கரட்டுப் பக்கம் டவரே கிடைக்காதும்மா. பழைய டேப்லெட் சும்மாதான கெடக்குது, மேப்பை முன்னாடியே அதுல ஏத்திக்கலாம். ஆனா நாம எங்க நிக்கறோம்னு அதுக்குத் தெரியாது. தனியா ஒரு ரிசீவர் வாங்கிச் சேத்தோம்னா, அது சேட்டிலைட்டப் பாத்து எடத்தச் சொல்லீரும். வானம் மட்டும் அதுக்கு நல்லாத் தெரியோணும்."

"ஏந்தம்பி, சொல்றது ஒண்ணு, காட்டறது இன்னொண்ணா?" என்றான் பச்சமுத்து. "ரெண்டும் சண்டை போட்டுக்கிட்டா வண்டி எங்க போவும்? எல்லாம் ஒண்ணாவே வர்ற மிஷினு கடையில இருக்குதுல்ல?"

"அதுல ஸ்கிரீனு சின்னதுங்கண்ணா. ஆத்தாளுக்குக் கண்ணு தெரியாது."

என்னவோ நான்தான் வண்டி ஓட்டப் போகிறேன் என்பது போல. இருந்தாலும் தனிப்பெட்டிதான் சரி என்று நானும் சொன்னேன். வழி சொல்வதற்கு ஒன்று, ஓட்டுவதற்கு ஒருத்தன் என்று இருந்தால், திட்டும்போது யாரைத் திட்டுகிறோம் என்று தெளிவாக இருக்கும்.

மஞ்சள் டப்பா மூடி அளவுக்குக் கறுப்பாக ஒன்று வந்தது. காரில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் ஒட்டினான். கிளம்பிய அன்று அரிசி நிரப்பிய பித்தளைச் சீர்க்குடத்தை மடியில் வைத்துக்கொண்டு நான் முன்சீட்டில் உட்கார்ந்தேன், பூத்தட்டும் பழத்தட்டும் உன் அம்மாவோடு பின்னால். சார்ஜ் போடுகிற ஓட்டை காரில் ஒன்றுதான், அதை டேப்லெட் பிடித்துக்கொண்டது. நாமக்கல் வந்தது, ராசிபுரம் வந்தது, உள்ளே இருந்த பொம்பளை மரியாதையாகத்தான் வழி சொல்லிக்கொண்டு வந்தாள். டீக்கு நிறுத்திவிட்டுக் கிளம்பினோம் பார், ஆள் ஊமை. நாங்கள் ஓடிக்கொண்டிருக்கிறோம், படத்தில் நம் கார் டீக்கடையிலேயே நிற்கிறது! பார்த்தால் பெட்டியையே காணோம். பள்ளத்தில் குலுங்கி விழுந்திருக்கும் என்றேன். உன் அம்மா சீட்டுக்கு அடியில் தலையை விட்டுத் தேடினாள், ஒரு பழைய சீப்புதான் கிடைத்தது. சித்தார்த் போனில் சார்ஜ் இல்லை. உன் அம்மா போன் பேசுவதற்கு மட்டும்தான், கூப்பிட்டால் உங்கள் பக்கம் டவர் இல்லை.

கேட்டுக் கேட்டுப் போனதில் ஒரு தறிக்காரத் தெருவுக்குள் நுழைந்துவிட்டோம். தெரு நீளத்துக்கும் பாவு நூல் இழுத்துக் கட்டியிருந்தது. ஒருத்தி நூலுக்குக் கஞ்சி போட்ட கையோடு காரை மறித்தாள்.

"எங்க உடறீங்க வண்டிய? இழை அந்துச்சுன்னா நீங்களா வந்து முடிவீங்க?"

"அக்கா, காது குத்துக்குப் போறோமுங்க. நாந்தாங்க தாய்மாமன்."

"தாய்மாமன்னா நேத்தே போயிருக்கோணும் சாமி!"

சித்தார்த் ரிவர்ஸ் போட்டான். தெரு முழுக்கப் பின்னாலேயே எடுத்தான்.

நாங்கள் வந்து சேர்ந்தபோது பந்தி நடந்துகொண்டிருந்தது. பிள்ளை காது சிவக்கக் குழந்தைவேல் மடியில் உட்கார்ந்திருந்தான். உன் சின்ன அப்பாரின், அதாவது உன் தாத்தாவுடைய தம்பியின் பேரன், உனக்கு அண்ணன் ஆகவேண்டும், அதில் நான் குறை சொல்லவில்லை. நம் வாய்க்கால் தண்ணீரைத் தன் வயலுக்கு மடை மாற்றிவிட்டுச் சிரித்தவன் அவன், அதைத்தான் சொல்கிறேன். மடி கொடுப்பதற்கென்று எடுத்த பட்டு வேட்டி மடிப்புக்கூடக் கலையாமல் உன் தம்பி ஓரமாக நின்றான். நீ அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. இன்றுவரை அவன் வாய்க்கு ருசியாகச் சாப்பிடவில்லை. இன்னொரு பிள்ளை பிறந்தாலும் முதல் பிள்ளைக்குக் கொடுக்கிற மடி திரும்ப வருமா? எல்லாம் பாழாய்ப்போன பெட்டியால் வந்தது. அவன் மேல் கோபத்தை வைத்துக்கொள்ளாதே.

கொள்ளுப்பேரனுக்கு என் பல்லில்லாத முத்தம். உன் மாமியாருக்கு என் கும்பிடு. சத்தமாகச் சொல், அவளுக்குக் காது மந்தம்.

இப்படிக்கு,
ஆத்தா சென்னியம்மாள்.

பி.கு.: சீர்க்குடத்து அரிசியைப் பார்த்து அள. அடியில் கறுப்பாக ஒன்று கிடக்கும். அது தானாக விழவில்லை. டீக்கு நிறுத்திய இடத்தில் அடுத்த முக்கில் இடதுபக்கம் திரும்பு என்று டேப்லெட்டுக்குள் இருந்த பொம்பளை சொன்னாள். திரும்பினால் குழந்தைவேல் அந்தப் பக்கம் கட்டியிருக்கிற புது வீட்டு வாசல் வழியாகத்தான் போக வேண்டும். வீடு குடிபோகக் கூப்பிட்டும் போகாதவள் நான், என் வண்டி அவன் வாசலில் ஊர்ந்து போவதை அவன் பார்ப்பதா? பித்தளைக்குள் வானம் ஏது என்று, அவர்கள் டீ குடிக்கிற நேரத்தில் பெட்டியை அரிசிக்குள் அமுக்கி மூடினேன். முக்கு வந்ததும் நேராகப் போ என்றதும் நான்தான். பெட்டி மேல் தப்பில்லை, உன் தம்பி மேலும் இல்லை. இதைப் படித்ததும் அவனைக் கூப்பிட்டுப் பேசு. அன்றைக்கு அந்த வாசலில் என்னைப் பார்க்க ஆளே இருந்திருக்காது, அந்த வீட்டுக்காரன்தான் விடியும் முன்பே கோயிலுக்கு வந்து உட்கார்ந்துவிட்டானே. பிள்ளை அவன் மடியில் ஒரு பொட்டுக்கூட அழவில்லை என்று பந்தியில் கேட்டுவந்து உன் அம்மா சொல்கிறாள். பச்சமுத்து, மைதிலி, போனை எடுக்காத நீ, எல்லோரையும் நான் மன்னித்தாயிற்று. அழாத பிள்ளையை மடியில் வைத்திருந்தானே, அவனை மட்டும் கட்டையில் போகிறவரை மன்னிக்கமாட்டேன், அந்தக் குழந்தைவேலை.