அண்ணன் எலிக்கு ஒரு சம்பந்தம்

அன்னிக்கு எனக்கு இருந்தது ஒரே வேலை. ரெண்டு எலியை ஒரே கூண்டுல போடணும்.

சிதம்பரத்துல நான் ஆராய்ச்சி பண்ற எலிக்கூடத்துல ரெண்டு வம்சம் இருக்கு. வெள்ளை எலி சும்மா இருந்தாலே குண்டாகும். கறுப்பு எவ்வளவு தின்னாலும் ஒல்லி. இதுக்கு எந்தெந்த மரபணு காரணம்னு தேடறதுதான் என் பிஎச்டி. அதுக்கு வம்சம் கலப்படமில்லாம இருக்கணும். அதனால தலைமுறை தலைமுறையா அண்ணனுக்கும் தங்கச்சிக்கும்தான் ஜோடி.

கேக்க ஒரு மாதிரிதான் இருக்கும். எலிங்க இதுவரைக்கும் ஒண்ணும் சொன்னதில்ல.

கடலூர் பஸ்ஸுல ஏறி உக்காந்த பிறகுதான், ஜோடி போடாம வந்துட்டோம்னு ஞாபகம் வந்துச்சு. "இந்தத் தடவை குட்டி வரலன்னா உன் ரிவ்யூ தள்ளிப்போயிடும்"னு என் கைடு மேடம் கறாரா சொல்லியிருந்தாங்க.

எலிக்கூடத்தைப் பாத்துக்கற செல்வராசு மாமாவுக்குப் போன் போட்டேன். புவனகிரிக்காரரு. வேலைக்குச் சேந்து ஒரு வாரம்தான் ஆவுது.

"மாமா, மூணாம் கூண்டு வெள்ளைக்கு ஜோடி போட்டுடுங்க."

"எதோட மாப்ள?"

பஸ் நெறைய ஜனம். "அதான்... கூடப் பொறந்ததோட"ன்னு முணுமுணுத்தேன்.

"என்னா?"

"தங்கச்சியோட மாமா! தங்கச்சியத்தான் கட்டி வைக்கணும்!"

பஸ்ஸே திரும்பிப் பாத்துச்சு. பக்கத்து சீட்டு அம்மா கூடையை எடுத்து மடியில வச்சிக்கிட்டு, "எந்த ஊருப்பா நீ?"ன்னாங்க.

"எலிக்கும்மா."

"எலியா இருந்தா என்னா, மொற வேணாமா?"

மாமா மட்டும், "சரி சரி, நான் பாத்துக்கறேன்"னு வச்சிட்டாரு.

பாத்துக்கிட்டாரு. மூணு வாரம் கழிச்சு பத்து குட்டி. ஓடிப்போய்ப் பாத்தா, தாய் கறுப்பு. கர்ப்பிணியைத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு மூணு வாரமா நான் அந்தப் பக்கமே போகல. ரொம்ப நல்லவன் நான்.

"மாமா, தங்கச்சி எங்க?"

"தனிக் கூண்டுல சொகமா இருக்கு மாப்ள. இவனுக்கு எதிர் வரிசையில ஒரு கறுப்புப் பொண்ணாப் பாத்து முடிச்சிட்டேன். மாமன் மவ மொற வருதான்னு தெரியல. பாவம் ஒண்ணும் இல்ல."

ரிவ்யூ போச்சுன்னு மேடம் முன்னாடி போய் நின்னேன். கேட்டுட்டு, என் ஆய்வுத் திட்டத்தைப் புரட்டினாங்க.

"ரெண்டு வம்சத்தையும் கலக்கறதுதானே உன் அடுத்த கட்டம்? நீ அடுத்த வருசம்னு எழுதியிருக்க. அவரு முடிச்சிட்டாரு. இதையே ரிவ்யூவுல காட்டு."

உயிர் வந்துச்சு. கதவுகிட்டப் போறப்ப கூப்பிட்டாங்க.

"இந்தக் குட்டிங்க வளந்ததும், அதுங்களுக்குள்ளயே ஜோடி போடணும். அவருகிட்ட நீயே சொல்லிடு."

மூணு நாளா அதைச் சொல்லத்தான் போறேன். ரெண்டு பேரும் டீ குடிச்சிட்டு வந்துடறோம்.