ஒருமனதாக ஏழு கிலோமீட்டர்

உலகத்தில் இதுவரை கண்டறியப்பட்ட உண்மைகளையெல்லாம் யாரோ தனியாக உட்கார்ந்து தலையைச் சொறிந்து கண்டறிந்திருக்கிறார்கள். தீர்மானம் போட்டு, ஒருமனதாக, தேநீருடன் ஓர் உண்மையைக் கண்டறிந்த பெருமை எங்கள் நிறுவனம் ஒன்றுக்கே உரியது. அந்தத் தீர்மானத்தைத் தட்டச்சு செய்த அலுவலகக் கண்காணிப்பாளன் நான்.

எங்களுடையது புவி மேலோட்டு ஆராய்ச்சி நிறுவனம். மேலோட்டை ஆராய்வதால் எதையும் மேலோட்டமாகப் பார்ப்பதே எங்கள் மரபு. ஜன்னலைத் திறந்தால் எரிமலை தெரியும். கடலோரமாக வில்போல் வளைந்து நிற்கும் எரிமலை வரிசையில் அது நான்காவது. அதன் அடியில் என்ன இருக்கிறது என்று தோண்டிப் பார்க்க முடியாது. அதனால் நில அதிர்வின் அலைகள் அடிப்பாறை வழியாக எவ்வளவு வேகமாக வருகின்றன என்று அளப்போம். கெட்டிப் பாறை என்றால் அலை பறக்கும். உருகிய பாறை என்றால் தள்ளாடும்.

முப்பது ஆண்டுகளுக்கு முன் எங்கள் இயக்குநர் அந்த வேகத்தை அளந்து, "வினாடிக்கு ஏழு கிலோமீட்டர். கெட்டிப் பாறை. பயம் வேண்டாம்" என்று எழுதினார். அந்த ஏழுதான் அவரை இயக்குநர் ஆக்கியது. நிறுவன வாசலில் '7' என்று சலவைக்கல்லில் பொறித்து வைத்திருக்கிறோம். தபால்காரர் அதைக் கதவு எண் என்றே இன்றுவரை நம்புகிறார்.

இந்த நிம்மதியைக் கெடுத்தவர் பரிசோதனைக் கூடத்தின் தொழில்நுட்ப உதவியாளர். எந்தக் கல் வந்தாலும் முதலில் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பதால் அவருக்கு 'டொக்கம்மா' என்று பெயர். எரிமலை எப்போதோ ஆழத்திலிருந்து கக்கிய கல் ஒன்றைக் கருவியில் வைத்து இறுக்கி, சூடேற்றி, மூன்று மாதம் அளந்தார். பிறகு அவசரக் கூட்டம் வேண்டும் என்றார். அவசரம் என்பதால் பதினோராம் நாளே கூட்டினோம்.

இயக்குநர் கருணையோடு தொடங்கினார். "கல்லுக்கு ஏதாவது கோளாறா?"

"கல்லு நல்லாத்தான் இருக்கு சார். இறுக்கி அளந்தா நீங்க சொன்ன ஏழுதான் வருது. நல்லா சூடேத்தினாலும் ஆறரைக்குக் கீழ இறங்கல. ஆனா மலைக்கு அடியில வர்ற அலை அஞ்சரைதான் ஓடுது. அப்படின்னா அங்க இருக்கறது வெறும் சூடான பாறை இல்ல. பாதி உருகிக் குழம்பாயிடுச்சு."

"குழம்பா?" என்றார் துணை இயக்குநர். "நீங்கதான் குழம்பியிருக்கீங்க."

"அந்த மெதுவான இடம் போன வருஷம் பன்னிரண்டு கிலோமீட்டர் ஆழத்துல இருந்துச்சு சார். இப்ப அஞ்சு. மேல வந்துக்கிட்டே இருக்கு."

பிஸ்கட் கடிக்கும் சத்தம்கூட நின்றது. புள்ளியியல் நிபுணர்தான் துணிந்து வழி சொன்னார்: "ஏழும் அஞ்சரையும் சேர்த்து சராசரி எடுத்துடலாமே. ஆறேகால்."

"ஆறேகாலை முழு எண்ணாக்கினா?" என்று இயக்குநர் கேட்டார்.

"ஆறு, சார்."

"மரியாதையா முழு எண்ணாக்கினா?"

"ஏழு, சார்."

டொக்கம்மா எழுந்துவிட்டார். "சார், சரிவுல நாலாயிரம் பேர் இருக்காங்க. என் தங்கச்சி அங்க ஸ்கூல் டீச்சர்."

"பாத்தீங்களா!" என்று இயக்குநர் எங்களைப் பார்த்தார். "சொந்தம் உள்ள போனதும் அளவு உணர்ச்சிவசப்பட்டுடுச்சு."

தீர்மானம் இவ்வாறு பதிவாயிற்று: 'எரிமலையின் அடிப்பாறை, வினாடிக்கு ஏழு கிலோமீட்டர் வேகத்தில் தொடர்ந்து செயல்பட ஒருமனதாக இசைவு அளிக்கப்படுகிறது. தாமதமாக வரும் அலைகளிடம் விளக்கம் கோரப்படும்.' டொக்கம்மா கையெழுத்துப் போடவில்லை. உதவியாளர்களின் மனம் கணக்கில் வராது என்பதால் 'ஒருமனதாக' என்ற சொல்லுக்குப் பங்கம் நேரவில்லை.

அவர் அன்றே பேருந்தேறி மலைச்சரிவுக்குப் போய்விட்டார். விடுப்புக் கடிதம்கூடத் தரவில்லை! அங்கே நடந்ததைப் பின்னால் அவரே என்னிடம் சொன்னார். தங்கை பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாளாம்.

"ஆபத்துன்னு உங்க ஆபீஸ்ல அறிக்கை வந்திருக்கா அக்கா?"

"அறிக்கை ஏழுன்னு சொல்லுது. நான் அஞ்சரைன்னு சொல்றேன்."

தங்கை அக்காவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாளாம். "பொய் சொன்னா உனக்கு உடனே விக்கல் வரும். இப்ப வரலியே" என்று சிவப்பு மைப் பேனாவை மூடினாள். அவள் சொல்லக் கேட்டு, மறுநாள் காலை தலைமையாசிரியை, பள்ளிக்கூடத்துக்கே 'சுற்றுலா' என்று அறிவித்துப் பிள்ளைகளைக் கீழே நடத்திக் கூட்டிவந்தார். பிள்ளைகள் திரும்பவில்லை என்றதும் அம்மாக்கள் இறங்கினார்கள். சமைக்க ஆளில்லை என்றதும் அப்பாக்கள் இறங்கினார்கள். சாயங்காலத்துக்குள் சரிவு காலி.

அதற்கடுத்த நாள் காலை பத்தரை மணிக்கு எரிமலை வெடித்தது. பள்ளிக்கூடத்தின் கரும்பலகை வரை சாம்பல். ஓர் உயிர்கூடப் போகவில்லை.

இயக்குநர் நிருபர்களைச் சந்தித்தார். "எங்கள் ஆய்வில் தவறில்லை. பாறைதான் தீர்மானத்தை மீறிவிட்டது" என்று வருத்தம் தெரிவித்தார். பீதி பரவாமல் காத்ததற்காக அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். டொக்கம்மாவுக்கும் நிறுவனம் உரியதைச் செய்தது. 'அனுமதியின்றி மூன்று நாள் பணிக்கு வராதது ஏன்?' என்று குறிப்பாணை அனுப்பினோம். ஓர் எழுத்துப்பிழைகூட இல்லாமல் நானே தட்டச்சு செய்தேன்.

அதைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் என் மேசைக்கு வந்தார். கோபமாக இல்லை.

"சார், அன்னிக்குக் கூட்டத்துல நான் பேசினப்ப நீங்க மட்டும் எழுதறத நிறுத்திட்டு என்னைப் பாத்தீங்க. நான் சொன்னதை நம்பினீங்கதானே?"

"முழுசா நம்பினேம்மா."

"அப்புறம் ஏன் சார் யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லல?"

முப்பத்திரண்டு ஆண்டு அப்பழுக்கில்லாத பணியில் என்னிடம் யாரும் இவ்வளவு எளிதான கேள்வியைக் கேட்டதில்லை. உள்ளதை உள்ளபடியே சொன்னேன்.

"எனக்கு அங்க சொந்தக்காரங்க யாரும் இல்லையேம்மா."